டாக்டர் சுப்பாராவ்: உடலாற்றலின் ஊற்றைத் தேடியவர்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையின் எதிரே, சாலை எனப் பெயர் பெற்ற பழைய கடைத்தெரு தொடங்குகிறது. விடியற்காலையில் அங்கே சரக்குந்துகள் வந்து நிற்கும். அரிசி மூட்டைகளும் காய்கறிக் கூடைகளும் வாழைத்தார்களும் அவற்றிலிருந்து இறங்கும். சுமை தூக்கும் தொழிலாளர் அவற்றைத் தலையிலும் தோளிலும் ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பர். இடையே சற்று ஓய்ந்து, இரண்டு பழமும் ஒரு குவளைத் தேநீரும் உட்கொண்டபின் மீண்டும் சுமையைத் தூக்குவர்.

நாள்தோறும் காணும் இக்காட்சியில் ஓர் அரிய வினா அடங்கியுள்ளது. தின்ற பழத்தின் இனிப்பு, சுமை தூக்கும் தோளின் வலிமையாக மாறுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு உலக அறிஞர் பலர் கூடி விடை கண்டனர். அவ்விடையின் இன்றியமையாத பகுதிகளைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர், சென்னையில் மருத்துவம் பயின்ற இந்தியர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பீமவரத்துச் சிறுவன்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தந்தை ஜகந்நாதம், தாய் வேங்கம்மா. உடன்பிறந்தோர் பலர். தந்தையார் வருவாய்த் துறையில் பணியாற்றினார்; உடல்நலக் குறைவால் உரிய காலத்திற்கு முன்பே பணியிலிருந்து விலக நேர்ந்தது. குடும்பத்தில் வறுமை புகுந்தது.

வீட்டின் துன்பத்தைக் கண்ட சிறுவன் சுப்பாராவ், தானே பொருள் ஈட்ட எண்ணினான். காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்கலாம் எனத் திட்டமிட்டு, பதின்மூன்று வயதளவில் வீட்டை விட்டு வெளியேறினான். ஆயினும் வழியிலேயே பிடிபட்டு வீடு திரும்பினான். தாய் வேங்கம்மா மகனைக் கடிந்து, மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். வறுமைக்குப் படிப்பே மருந்து என்பது அவ்வன்னையின் உறுதி.

படிப்பும் எளிதாக அமையவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் சுப்பாராவ் இருமுறை தோல்வியுற்றார். பின்பு சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறையில் வெற்றி பெற்றார். அதன்பின் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

துறவா? மருத்துவமா?

சென்னையில் கல்லூரி மாணவராக இருந்தபோது சுப்பாராவின் உள்ளம் இராமகிருஷ்ண மடத்தின் தொண்டில் ஈடுபட்டது. துறவு பூண வேண்டும் என்னும் ஆவல் அவரிடம் வளர்ந்தது. ஆனால், தாயார் அதற்கு இசையவில்லை. மருத்துவம் கற்று மக்களுக்குத் தொண்டு செய்யும் வழியை மடத்தினரும் அவருக்குக் காட்டினர். அவ்வாறே அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினர். அம்மூர்த்தியின் மகளாகிய சேஷகிரியை 1919-ஆம் ஆண்டு சுப்பாராவ் மணந்துகொண்டார்.

நாடெங்கும் விடுதலை உணர்ச்சி பொங்கிய காலம் அது. அந்நியத் துணிகளை விலக்கிக் கதர் உடுத்துமாறு காந்தியடிகள் மக்களை வேண்டினார். சுப்பாராவ் அறுவை மருத்துவ வகுப்புக்கும் கதர் அங்கியையே அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு இதனை விரும்பவில்லை. சுப்பாராவ் எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தார். ஆயினும் இறுதியில் அவருக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். பட்டம் அன்று, அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே ஆகும். அரசு மருத்துவப் பணியில் உயர்வதற்கான வழி அதனால் அடைபட்டது. எனினும் அவர் கதரைக் கைவிடவில்லை.

எட்டு நாள்களில் இரு இழப்புகள்

இதனினும் பெரிய துயரம் ஒன்று அவர் வாழ்வின் திசையை மாற்றியது. அவருடைய உடன்பிறந்தார் இருவர், புருஷோத்தமும் கிருஷ்ணமூர்த்தியும், எட்டு நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். இருவர் உயிரையும் பறித்தது ஸ்ப்ரூ என்னும் குடல்நோய். வெப்ப நாடுகளில் காணப்படும் இந்நோய் கண்டவர்களுக்கு ஓயாத கழிச்சல் உண்டாகும். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாது. நா புண்ணாகும், குருதி வெளிறும், உடல் மெலிந்து உருகும். உணவு முன்னே இருந்தும் உடல் பட்டினியால் வாடும் கொடிய நிலை இது.

சில காலத்துக்குப்பின் சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. மேனாட்டு மருத்துவம் கற்ற அவருக்கு, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி சிகிச்சையளித்துக் குணப்படுத்தினார். பின்பு, லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே சுப்பாராவ் உடற்கூற்றியல் ஆசிரியராகப் பணியேற்றார்.

ஒரு மருந்து நோயைத் தீர்த்தது என அறிவது ஒன்று. அது எவ்வாறு தீர்த்தது என அறிவது வேறொன்று. இவ்விரண்டாவது வினாவே சுப்பாராவின் உள்ளத்தைக் குடைந்தது. உணவு எவ்வாறு உடலாகிறது? எது குறைந்தால் உடல் உருகுகிறது? இவற்றை அறிவதற்குரிய ஆய்வுக்கூடம் அன்று அவருக்கு எட்டும் தொலைவில் இல்லை. எனவே கடல்கடந்து செல்லத் துணிந்தார். காக்கிநாடாவிலிருந்த அறநிலையம் ஒன்றும் மாமனாரும் பொருளுதவி செய்தனர். சில ஆண்டுகளில் கல்வி முடித்துத் திரும்பும் எண்ணத்துடன், இளம் மனைவியை விட்டுப் பிரிந்து, 1920-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

பாஸ்டன் நகரில்

பாஸ்டன் நகரை அடைந்தபோது சுப்பாராவிடம் பணம் மிகுதியாக இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்து பட்டயம் பெற்றார். இந்திய மருத்துவச் சான்றிதழைக் கொண்டு அங்கே மருத்துவராகப் பணியாற்ற இயலவில்லை. ஆகவே மருத்துவமனை ஒன்றில் இரவுநேரப் பணியாளராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவித் துப்புரவு செய்வது அவர் வேலை. மருத்துவம் கற்ற ஒருவர் அப்பணியைச் செய்ய வெட்கப்படவில்லை. இரவில் உழைத்துப் பகலில் படித்தார்.

அதன்பின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில், சைரஸ் ஃபிஸ்கே என்னும் அறிஞரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். தாயகத்தில் குழந்தை பிறந்த செய்தியும், அம்மகன் ஓராண்டு நிறைவதற்குள் இறந்த செய்தியும் கடிதங்கள் வழியாகவே அவரை அடைந்தன. பெற்ற பிள்ளையின் முகத்தை அவர் ஒருமுறையேனும் காணவில்லை.

நீல நிறம் காட்டிய உண்மை

குருதியிலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என அளக்கும் எளிய முறை ஒன்றை உருவாக்குவதே சுப்பாராவுக்கு அளிக்கப்பட்ட முதற்பணி. அவரும் ஃபிஸ்கேயும் 1925-ஆம் ஆண்டு அம்முறையை வெளியிட்டனர். ஆய்வுக்குரிய கரைசலில் சில வேதிப்பொருள்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுதியாக இருந்தால் நிறம் அடர்ந்திருக்கும். குறைவாக இருந்தால் வெளிறியிருக்கும். அந்நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவைக் கணக்கிடலாம். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்னும் பெயரில் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அது பல்லாண்டுகள் கையாளப்பட்டது.

தசையிலிருந்து எடுத்த சாற்றை அம்முறையில் சோதித்தபோது ஒரு புதுமை தோன்றியது. நீல நிறம் உடனே முழுமையாகத் தோன்றவில்லை. நேரம் செல்லச்செல்ல மெல்ல மெல்ல அடர்ந்தது. அவசரப்படும் ஒருவர் இதைப் பிழையென ஒதுக்கியிருப்பார். இவ்விருவரோ அதன் காரணத்தை ஆராய்ந்தனர். தசையில் இதுவரை அறியப்படாத ஒரு பொருள் உள்ளது. அது சோதனைக் கரைசலில் சிறிது சிறிதாக உடைந்து பாஸ்பேட்டை வெளியிடுகிறது. ஆகவேதான் நிறம் தாமதமாகத் தோன்றுகிறது என உணர்ந்தனர். அப்பொருளே பாஸ்போகிரியாட்டின். அதனை 1927-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தனர். தசை களைத்தபோது அப்பொருள் குறைவதையும், ஓய்வு கொண்டபோது மீண்டும் பெருகுவதையும் அவர்கள் கண்டனர்.

தசைக்கு ஆற்றல் தருவது லாக்டிக் அமிலம் உண்டாகும் வினையே என அக்காலத்து அறிஞர் நம்பினர். தசை பற்றிய ஆய்வுக்காக ஹில், மயர்ஹாஃப் என்னும் இருவர் 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசையும் பெற்றிருந்தனர். பாஸ்போகிரியாட்டின் கண்டுபிடிக்கப்பட்டபின் அந்நம்பிக்கை தளர்ந்தது.

அடுத்து 1929-ஆம் ஆண்டு, அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளை ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதனைக் கண்டறிந்தார். சுருக்கமாக ஏ.டி.பி. என வழங்கும் இப்பொருள், மூன்று பாஸ்பேட்டுகள் தொடர்ந்து பிணைந்தது. இறுதியிலுள்ள பாஸ்பேட் பிரியும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டே தசை சுருங்குகிறது; நரம்பு செய்தி கடத்துகிறது; உயிரணு புதுப்பொருள்களை உருவாக்குகிறது. பிரிந்த பாஸ்பேட்டை மீண்டும் இணைத்தால் ஏ.டி.பி. மறுபடியும் உருவாகும். உடலில் ஒரு நேரத்தில் உள்ள ஏ.டி.பி. சிறிதளவே. ஆயினும் அது ஒரு நாளில் எண்ணற்ற முறை உடைந்தும் இணைந்தும் நம்மை இயக்குகிறது.

கல்லீரலில் கிடைத்த மற்றொரு கண்ணி

உடைந்த ஏ.டி.பி.யை மீண்டும் இணைப்பதற்கு ஆற்றல் வேண்டும். அது உணவிலிருந்து வருகிறது. ஆனால் உணவுக்கும் ஏ.டி.பி.க்கும் இடையே உள்ள வழி யாது? இவ்வழியிலும் சுப்பாராவின் கைத்தடம் உண்டு.

கல்லீரலை உணவாக உண்டால் கொடிய சோகை நோய் தணிகிறது என்பதை 1926-ஆம் ஆண்டில் பாஸ்டன் மருத்துவர்கள் அறிவித்திருந்தனர். கல்லீரலில் உள்ள எந்தப் பொருள் நோயைத் தீர்க்கிறது எனக் கண்டறியச் சுப்பாராவ் முனைந்தார். பெருமளவு கல்லீரலைச் சாறாக்கி, அச்சாற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சோதித்தார். அந்நெடிய தேடலில் அவர் தேடிய பொருள் அகப்படவில்லை. ஆனால் பேன்டோதெனிக் அமிலம் என்னும் வைட்டமின் கிடைத்தது. எலிகளின் ஊட்டத்துக்கு அது தேவையானது என ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் என்னும் அறிஞருடன் சேர்ந்து 1939-ஆம் ஆண்டு அவர் எழுதினார்.

அதற்கு இரண்டாண்டு முன்பு, இங்கிலாந்தில் ஹான்ஸ் கிரெப்ஸ் என்பவர் உயிரணுவின் உள்ளே நடைபெறும் ஒரு வினைச்சுழலை விளக்கியிருந்தார். அதற்குச் சிட்ரிக் அமிலச் சுழற்சி என்று பெயர். எலுமிச்சைக்குப் புளிப்பைத் தரும் சிட்ரிக் அமிலமே நம் உயிரணுக்களிலும் நொடிதோறும் தோன்றி மாறுகிறது என்பது வியப்பன்றோ?

இச்சுழற்சி மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணுறுப்புகளில் நடைபெறுகிறது. நாம் உண்ட வாழைப்பழத்தின் சர்க்கரை முதலில் சிறுசிறு துண்டுகளாக உடைகிறது. இறுதியில் இரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட அசிட்டைல் என்னும் துண்டு எஞ்சுகிறது. அத்துண்டு தானே சென்று சுழற்சியில் சேர இயலாது. அதனைச் சுமந்து செல்ல ஓர் ஆள் வேண்டும். அச்சுமையாளே துணைநொதி ஏ. சுழற்சியின் வாயிலில் ஆக்சலோ அசிட்டேட் என்னும் நான்கு கார்பன் கொண்ட பொருள் காத்திருக்கிறது. சிட்ரேட் சின்தேஸ் என்னும் நொதி இவ்விரண்டையும் இணைக்கிறது. இரண்டும் நான்கும் சேர்ந்து ஆறு கார்பன் கொண்ட சிட்ரேட் பிறக்கிறது. சுமையை இறக்கிய துணைநொதி அடுத்த சுமைக்குத் திரும்புகிறது. சிட்ரேட் படிப்படியாக மாறி, இரண்டு கார்பன்களைக் கரியமில வாயுவாக வெளியேற்றி, மீண்டும் நான்கு கார்பன் பொருளாகிறது. இவ்வழியில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, நாம் உள்ளிழுத்த ஆக்சிஜனின் உதவியுடன், ஏ.டி.பி. உருவாகிறது.

அந்தத் துணைநொதி ஏ எதனால் ஆனது? ஃபிரிட்ஸ் லிப்மன் என்னும் அறிஞர் அதே பாஸ்டன் நகரில் 1940-களில் அதனை ஆராய்ந்தார். அதன் உள்ளே பேன்டோதெனிக் அமிலம் அடங்கியிருப்பது அப்போது தெரியவந்தது. சுப்பாராவ் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த வைட்டமின், உணவின் துண்டைச் சிட்ரேட் சின்தேசிடம் கொண்டு சேர்க்கும் சுமையாளின் ஓர் அங்கமாக இருந்தது. கிரெப்சும் லிப்மனும் 1953-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இன்னும் ஓர் இயைபும் உண்டு. உயிரணுவில் ஏ.டி.பி. நிறைந்திருக்கும்போது சிட்ரேட் சின்தேசின் வேகம் குறைகிறது, ஏ.டி.பி. குறையும்போது வேகம் கூடுகிறது. களஞ்சியம் நிறைந்தால் வாயிலைச் சாத்துவதும், குறைந்தால் திறப்பதும் போன்றது இது. தொடர்ந்து ஓடியும் உழைத்தும் பழகிய தசைகளில் இந்நொதி மிகுந்திருக்கும். தசைநோய் உள்ளோரின் தசையில் ஒரு சிறு துணுக்கை எடுத்து, அதில் சிட்ரேட் சின்தேசின் செயல் எவ்வளவு என மருத்துவர் அளப்பதுண்டு. தசையில் மைட்டோகாண்டிரியா எவ்வளவு உள்ளது என்பதை அவ்வளவு காட்டிக்கொடுக்கும்.

உடன்பிறந்தாரின் நோய்க்கு மருந்து

இத்தனை அரிய பணிகளைச் செய்தும் ஹார்வர்டு சுப்பாராவுக்கு நிலையான பேராசிரியர் பதவியை வழங்கவில்லை. எனவே 1940-ஆம் ஆண்டு அவர் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆய்வுத்துறைத் தலைவரானார். இங்கேதான் அவருடைய பழைய வினாவுக்கு விடை கிடைத்தது.

பம்பாயில் கருவுற்ற பெண்களைத் தாக்கிய சோகை நோயை, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஆராய்ந்தார். குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும் அவர் ஆய்வு செய்ததுண்டு. ஈஸ்ட்டுச் சாற்றில் உள்ள ஏதோ ஒரு சத்து அச்சோகையைத் தீர்ப்பதை அவர் கண்டார். அச்சத்தே ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் விளங்கியது. கீரைகளில் மிகுதியாக உள்ள இவ்வைட்டமினைச் சுப்பாராவின் குழுவினர் 1945-ஆம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கி வெற்றி கண்டனர். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்தபோது நாப்புண் ஆறியது, குருதி தேறியது, உடல் தேறியது. உடன்பிறந்தார் இருவரைக் காக்க இயலாமல் சென்னையில் கலங்கி நின்ற மாணவன், ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப்பின் அந்நோய்க்கு மருந்தளித்தார்.

இக்குழுவிடமிருந்து வேறு மருந்துகளும் பிறந்தன. மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவரவியலார் ஆரியோமைசின் என்ற எதிருயிரியைக் கண்டறிந்தார். டெட்ராசைக்ளின் எனப்படும் மருந்துக் குடும்பத்தின் முதல் உறுப்பினர் அது. இன்றும் ஸ்ப்ரூ நோய்க்கு மருத்துவர் தருவன ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினுமே ஆகும். செயற்கை ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தும் சுப்பாராவ் தலைமையேற்ற ஒரே ஆய்வுக்கூடத்தில் தோன்றியவை.

ஃபோலிக் அமிலம் வளரும் உயிரணுக்களுக்குத் தேவை. புற்றுநோய் உயிரணுவும் வளர்வதுதானே? பாஸ்டனில் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயை ஆராய்ந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தைப் போலத் தோன்றி அதன் செயலைத் தடுக்கும் பொருள்களைத் தேடினார். சுப்பாராவின் குழு அமினோப்டெரின் என்னும் பொருளை அமைத்துக் கொடுத்தது. அம்மருந்து பெற்ற பதினாறு குழந்தைகளுள் பத்துக் குழந்தைகளின் நோய் சில காலம் தணிந்ததாக 1948-ஆம் ஆண்டு ஃபார்பர் எழுதினார். அதுவரை அந்நோய்க்குத் தக்க பயன்தரும் மருந்து இருந்ததில்லை. அதே குழு உருவாக்கிய மெத்தோட்ரெக்சேட் என்னும் உறவுப்பொருள் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாத நோய்க்கும் தரப்படுகிறது.

யானைக்கால் நோயும் திருவிதாங்கூரும்

கிழக்கேகோட்டையிலிருந்து வடக்கே செல்லும் வழியில் உள்ள சேர்த்தலைப் பகுதி ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பெயர்பெற்றது. அங்குள்ள குளங்களில் அடர்ந்து வளர்ந்த ஆகாயத்தாமரையின் வேர்களைப் பற்றிக்கொண்டு ஒருவகைக் கொசுவின் புழுக்கள் வாழ்ந்தன. வளர்ந்த கொசுக்கள் மக்களைக் கடித்து, நுண்ணிய புழுக்களை உடலில் செலுத்தின. புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் தங்கின; காலப்போக்கில் கால்கள் வீங்கிப் பருத்தன. திருவிதாங்கூர் அரசின் காலத்திலேயே, 1930-களில், இந்நோய் பற்றி விரிவான ஆய்வு நடந்தது. குளத்துச் செடிகளை அகற்றுவதன்றி வேறு வழி அன்று இல்லை. குருதியிலுள்ள புழுவைக் கொல்லத் தக்க மருந்து கிடைத்திலது.

சுப்பாராவின் குழு 1947-ஆம் ஆண்டு ஹெட்ரசான் என்னும் மருந்தை வெளியிட்டது. அதன் வேதிப்பெயர் டைஎத்தில்கார்பமசின். வாயினால் விழுங்கும் இம்மாத்திரை குருதியிலுள்ள நுண்புழுக்களை அழிக்கிறது. பருத்துவிட்ட காலை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆனால் நோய் பிறருக்குப் பரவாமல் தடுக்கும். இந்திய அரசு 1955-ஆம் ஆண்டு தொடங்கிய யானைக்கால் தடுப்புத் திட்டத்தில் இம்மருந்தே பயன்பட்டது. காரைக்காலில் 1980-களில் இம்மருந்து கலந்த உப்பை மக்களுக்கு வழங்கி நோயைக் குறைத்தனர். தாய்நாட்டுக்கு ஒருமுறையும் திரும்பி வராத சுப்பாராவின் மருந்து, இவ்வாறு தாய்நாட்டு மக்களின் இல்லம்தோறும் வந்து சேர்ந்தது.

புகழ் நாடாத வாழ்வு

இரவு பகல் பாராது உழைத்த சுப்பாராவ், 1948-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. கால் நூற்றாண்டு அமெரிக்காவில் வாழ்ந்தும் அந்நாட்டுக் குடியுரிமையை அவர் பெறவில்லை. இறுதிவரை இந்தியராகவே இருந்தார். சில ஆண்டுகளில் திரும்புவார் என எதிர்பார்த்திருந்த மனைவி சேஷகிரி அவரை மீண்டும் காணவே இல்லை. உலகம் பெற்ற பெரும்பயனுக்கு அவ்வம்மையார் கொடுத்த விலையையும் மறத்தல் ஆகாது.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. கூட்டுப்பணியில் தம் பெயரை முன்னிறுத்தும் வழக்கமும் அவரிடம் இல்லை. அவருடன் பணியாற்றிய ஹிட்ச்சிங்ஸ் 1988-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அறிவியலார் ஒரு பூஞ்சைப் பேரினத்துக்குச் சுப்பாராவின் பெயரைச் சூட்டியுள்ளனர். இந்திய அரசு அவருடைய நூற்றாண்டாகிய 1995-இல் அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்து வாழ்வோர் பலர். சென்ற இடத்தில் செய்யும் பணியால் பிறந்த இடத்துக்கும் பயன் விளைவிப்போர் சிலர். சுப்பாராவ் அச்சிலருள் ஒருவர். தம் வீட்டில் நிகழ்ந்த இரண்டு மரணங்களின் காரணத்தை அறிய அவர் புறப்பட்டார். அவ்வழியில், எல்லா உயிர்களின் உடலிலும் ஆற்றல் பிறக்கும் முறையின் ஒரு பகுதி விளங்கியது. தேர்வில் இருமுறை தோற்றதும், பட்டம் மறுக்கப்பட்டதும், மலசலக் கலம் கழுவ நேர்ந்ததும் அவர் வினாவைத் தளர்த்தவில்லை. நிறம் தாமதமாகத் தோன்றிய ஒரு சிறு குறிப்பைப் புறக்கணியாத பொறுமையே அவருடைய பெருஞ்செல்வம்.

பயிற்சி

அ. ஓரிரு சொற்களில் விடை எழுதுக.
1. சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்ற பள்ளி எது?
2. ஸ்ப்ரூ நோயிலிருந்து சுப்பாராவைக் குணப்படுத்தியவர் யார்?
3. ஏ.டி.பி.யில் எத்தனை பாஸ்பேட்டுகள் உள்ளன?

ஆ. பொருத்துக.
1. பாஸ்போகிரியாட்டின் – யானைக்கால் நோய்
2. ஹெட்ரசான் – துணைநொதி ஏ
3. பேன்டோதெனிக் அமிலம் – 1927
4. சிட்ரேட் சின்தேஸ் – ஆறு கார்பன் பொருளை உருவாக்குதல்

இ. நான்கைந்து தொடர்களில் விடை எழுதுக.
1. நீல நிறம் தாமதமாகத் தோன்றியதன் காரணத்தை விளக்குக.
2. துணைநொதி ஏ சுமையாளுக்கு ஒப்பிடப்பட்டது ஏன்?
3. சுப்பாராவின் மருந்து தாய்நாட்டை எவ்வாறு வந்தடைந்தது?

ஈ. பிரித்து எழுதுக.
உடலாற்றல், நோயாளி, நுண்ணுயிர், தாய்நாட்டுக்கு

உ. செயல்பாடு
உங்கள் தாத்தா பாட்டியிடமோ முதியோர் ஒருவரிடமோ, அவர்கள் ஊரில் முற்காலத்தில் பரவியிருந்த நோய் ஒன்றைப் பற்றிக் கேட்டறிக. அந்நோய் எவ்வாறு குறைந்தது என்பதைத் தமிழில் பத்துத் தொடர்களில் எழுதுக.